உயர்தர ஹெட்போனுக்கு ஆம்ப்பும் பிளேயரும் ஜோடி சேர்ப்பது எப்படி?

ஒரு ஹெட்போனுக்கு எந்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) சரிப்படும் என்பதை வாங்கும் முன்பே, ஒரு தாளும் கால்குலேட்டரும் இருந்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இது இனிமையாகப் பாடும், அது துல்லியமாகப் பாடும் என்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆம்ப் போதிய வோல்டேஜ் தருகிறதா, போதிய கரன்ட் தருகிறதா, அதன் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்புக்குள் இருக்கும் மின்தடை, ஹெட்போனோடு ஒத்துப்போகிறதா என்ற மூன்று கேள்விகளை முதலில் கேட்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும், எவ்வளவு உயர்ந்த ஹெட்போனாக இருந்தாலும் அதன் முழுத் திறனைக் கேட்க முடியாது.

கணக்கு என்றதும் தயங்க வேண்டாம். பள்ளியில் படித்த ஓம் விதி போதும்.

படி 1: ஹெட்போனின் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, ஓமில் தரப்படும் இம்பீடன்ஸ். இன்னொன்று, டெசிபலில் தரப்படும் சென்சிட்டிவிட்டி, அதாவது குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பது.

இங்கேதான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். சில நிறுவனங்கள் சென்சிட்டிவிட்டியை 1 மில்லிவாட்டுக்கு எவ்வளவு என்று சொல்லும், சில 1 வோல்ட்டுக்கு எவ்வளவு என்று சொல்லும். சென்ஹைசர் எச்டி 800 எஸ் 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 102 டெசிபல். ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 20 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 103 டெசிபல். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் 300 ஓமில் 1 வோல்ட் என்பது 3.3 மில்லிவாட். ஆக எச்டி 800 எஸ்ஸின் அளவை மில்லிவாட்டுக்கு மாற்றினால் சுமார் 97 டெசிபல்தான். எல்சிடி-எக்ஸுக்கு அதே 1 வோல்ட்டைக் கொடுத்தால் 50 மில்லிவாட் பாயும், சத்தம் 120 டெசிபலைத் தொடும். ஒரே வோல்டேஜில் இரண்டுக்கும் இடையே 18 டெசிபல் வித்தியாசம்! அதனால் எண்ணை மட்டும் எழுதாமல், அது எதற்கான எண் என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஓம் அதிகமாக இருந்தால் ஓட்டுவது (போதிய சத்தத்தோடு ஒலிக்கவைப்பது) கடினம் என்ற நம்பிக்கையையும் இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். ஹைஃபைமேன் சுஸ்வாரா வெறும் 60 ஓம். ஆனால் சென்சிட்டிவிட்டி, 1 மில்லிவாட்டுக்கு என்று எடுத்துக்கொண்டால், 83 டெசிபல். 300 ஓம் சென்ஹைசரை நன்றாக ஓட்டும் பல ஆம்ப்கள் இதனிடம் திணறிப்போகும்.

படி 2: எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிடுங்கள்

இசையின் உச்சத் தருணங்களுக்கு 110 டெசிபல் என்று இலக்கு வையுங்கள். இது தொடர்ந்து கேட்கும் அளவு இல்லை. சராசரியாக 75 அல்லது 80 டெசிபலில் கேட்டாலும், நல்ல ஆர்கெஸ்ட்ரா பதிவில் ஒரு முரசடி அதைவிட 20 டெசிபலுக்கும் மேலே எகிறும். அந்தக் கணத்தில் ஆம்ப் மூச்சுத் திணறக் கூடாது, அவ்வளவுதான். மெதுவாகக் கேட்பவர்களுக்கு 105 கூடப் போதும்.

காதைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். சக்தி மிகுந்த ஆம்ப் கையில் வந்தபின் இது மறக்கக் கூடாத எண்.

இப்போது கணக்கு. 3 டெசிபல் கூட்ட இரண்டு மடங்கு சக்தி வேண்டும், 10 டெசிபல் கூட்ட பத்து மடங்கு. எச்டி 800 எஸ் 97-லிருந்து 110-க்குப் போக 13 டெசிபல் ஏற வேண்டும். பத்து மடங்கு, அதன் மேல் இரண்டு மடங்கு, ஆக 20 மில்லிவாட். சக்தியை வாட்டில் எழுதி ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்டேஜ் கிடைக்கும். 0.02 பெருக்கல் 300 என்றால் 6, அதன் வர்க்கமூலம் சுமார் 2.45 வோல்ட். அதை 300-ஆல் வகுத்தால் கரன்ட், வெறும் 8 மில்லியாம்ப்.

இதே கணக்கில் எல்சிடி-எக்ஸுக்கு 5 மில்லிவாட், 0.32 வோல்ட், 16 மில்லியாம்ப் போதும். சுஸ்வாராவுக்கோ 500 மில்லிவாட், 5.5 வோல்ட், 91 மில்லியாம்ப். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதுக்கு வோல்டேஜ் வேண்டும், கரன்ட் அதிகம் வேண்டாம். இரண்டாவதுக்கு இரண்டுமே சொற்பம். மூன்றாவதுக்கு இரண்டும் தாராளமாக வேண்டும்.

படி 3: ஆம்ப்பின் விவரத்தாளைச் சரியாகப் படியுங்கள்

1 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், எத்தனை ஓமில் என்று உடனே பாருங்கள். 32 ஓமில் 1 வாட் என்பது 5.66 வோல்ட். அதே வோல்டேஜ் 300 ஓமுக்குப் போனால் கிடைப்பது சுமார் 107 மில்லிவாட். ஒரு வாட் பத்தில் ஒன்றாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். எச்டி 800 எஸ்ஸுக்கு 20 மில்லிவாட்தானே கேட்டோம், ஐந்து மடங்கு இருக்கிறது.

போனில் செருகும் சின்ன டாங்கிள்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் வரும். 300 ஓமில் 4 வோல்ட் தருகிறது என்பதால் 32 ஓமிலும் அதே 4 வோல்ட்டைத் தந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு 125 மில்லியாம்ப் கரன்ட் தேவை. பல டாங்கிள்களால் அது முடியாது. அதனால் உங்கள் ஹெட்போனின் ஓமுக்கு அருகில் உள்ள எண்ணையே எப்போதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எளிய சோதனை. ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் அமெரிக்கப் பதிப்பில் அதிகபட்சம் 1 வோல்ட் தரும். எல்சிடி-எக்ஸுக்கு நம் கணக்குப்படி 0.32 வோல்ட் போதும் என்பதால் சத்தத்துக்குக் குறையே இருக்காது. எச்டி 800 எஸ்ஸில் உச்சம் 102 டெசிபலோடு நின்றுவிடும், கிளாசிக்கல் கேட்பவருக்குக் குறைவுதான். சுஸ்வாராவில் சுமார் 95 டெசிபல்தான் வரும். ஐரோப்பியப் பதிப்பு இன்னும் குறைவு, சுமார் அரை வோல்ட்.

படி 4: அவுட்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள்

சத்தம் போதுமா என்பதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். ஒலியின் குணமே மாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு ஆம்ப்புக்கும் உள்ளே ஒரு இம்பீடன்ஸ் உண்டு. ஹெட்போனுக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கை அது தானே எடுத்துக்கொள்ளும். ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே அளவாக இருந்தால் சத்தம் சற்றுக் குறையும், வேறொன்றும் ஆகாது. ஏறி இறங்கினால், எங்கே ஏறுகிறதோ அங்கே அதிக வோல்டேஜ் போகும். ஒலிச் சமநிலை மாறிவிடும். இதைத் தவிர்க்க, ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 32 ஓம் ஹெட்போனுக்கு 4 ஓம், 16 ஓம் இயர்போனுக்கு 2 ஓம்.

ஆஸ்டெல் அண்ட் கெர்ன் 2012-இல் வெளியிட்ட ஏகே100 பிளேயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் 22 ஓம். பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் பாகங்கள்) கொண்ட பேலன்ஸ்டு ஆர்மச்சர் இயர்போன்களுக்கு அது ஒத்துவரவே இல்லை. அந்த வகை இயர்போன்களின் இம்பீடன்ஸ் அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் தாறுமாறாக மாறும். அடுத்த பதிப்பில் அதை 3 ஓமாகக் குறைத்தார்கள்.

எல்சிடி-எக்ஸ், சுஸ்வாரா போன்ற பிளேனர் மேக்னெட்டிக் ஹெட்போன்களின், அதாவது காந்தங்களின் அருகே தட்டையான படலம் அதிரும் வகையின், கதை வேறு. அவற்றின் இம்பீடன்ஸ் கிட்டத்தட்ட நேர்கோடு, அதனால் ஒலிச் சமநிலை மாறாது. ஆனால் 120 ஓம் அவுட்புட் இம்பீடன்ஸ் உள்ள வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்பில் 32 ஓம் பிளேனரைச் செருகினால் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் ஹெட்போனைச் சேரும். மீதி ஆம்ப்புக்குள்ளேயே வீண்.

அப்படியானால் 120 ஓம் வால்வ் ஆம்ப் யாருக்கு? எச்டி 600, 650 போன்ற 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு. அவற்றின் இம்பீடன்ஸ் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 500 ஓமைத் தாண்டும். அந்த ஆம்ப்பில் போட்டால் தாழ்ந்த ஸ்வரங்கள் சுமார் 1 டெசிபல் தூக்கலாகக் கேட்கும். ஓடிஎல் வகை (அவுட்புட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத) வால்வ் ஆம்ப்போடு சென்ஹைசர் கதகதப்பாக இருக்கிறது என்று பலர் சொல்வதில் பெரிய பங்கு இதற்குத்தான். விதிக்குப் புறம்பான ஜோடிதான், ஆனாலும் எனக்கு மிகவும் பிடித்தது. என்ன நடக்கிறது என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால் தவறே இல்லை.

ஸ்டாக்ஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவற்றின் புரோ வகைக்கு 580 வோல்ட் பயாஸ் (நிலையான மின்னழுத்தம்) வேண்டும், அதற்கென்றே செய்த ஆம்ப்பில் மட்டும்தான் செருக வேண்டும்.

படி 5: கெயின்

ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதே கெயின். எப்போதும் லோ கெயினில் தொடங்குங்கள். வால்யூம் குமிழ் முக்கால் வட்டம் தாண்டியும் போதவில்லை என்றால் மட்டும் ஹை கெயினுக்குப் போங்கள். எடுத்த எடுப்பிலேயே ஹை கெயின் வைத்தால் குமிழைத் தொட்டதும் சத்தம் அலறும். அதோடு, சாதாரண அனலாக் குமிழ்களில் ஆரம்பப் பகுதியில் இடதும் வலதும் ஒரே அளவில் இருக்காது. கேம்ப்ஃபயர் ஆண்ட்ரோமெடா போன்ற, சென்சிட்டிவிட்டி மிக அதிகமான இயர்போன்களில் ஆம்ப்பின் இரைச்சல்கூட உஸ்ஸென்று கேட்கும். அவற்றுக்குச் சக்தி குறைந்த, அமைதியான ஆம்ப்தான் நல்லது.

படி 6: பிளேயரை ஆம்ப்போடு இணையுங்கள்

பிளேயரில் லைன் அவுட் (வேறொரு ஆம்ப்புக்கு அனுப்புவதற்கான வெளியீடு) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மேசை ஆம்ப்கள் வழக்கமாக எதிர்பார்ப்பது ஆர்சிஏ வழியாக 2 வோல்ட், பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் வழியாக 4 வோல்ட் (பேலன்ஸ்டு என்றால் என்ன என்பது படி 7-இல்). லைன் அவுட் இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்தே எடுக்கலாம். பிளேயரின் வால்யூமை 2 வோல்ட்டுக்கு அருகில் வைத்துவிட்டு, மீதியை ஆம்ப்பில் கட்டுப்படுத்துங்கள்.

புளூடூத்தில் எல்டாக் என்ற ஒலிச்சுருக்க முறை அதிகபட்சம் 990 கிலோபிட் வேகத்தில் போகும், கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஜோடிகளை ஒப்பிடும்போது கம்பி வழியாகவே கேளுங்கள்.

படி 7: பிளக்கில் கவனம்

3.5 மற்றும் 6.35 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பிளக்குகளில் இடது, வலது இரண்டின் எதிர்முனையும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். பேலன்ஸ்டு எனப்படும் 4.4 மில்லிமீட்டரிலும் நான்கு முள் எக்ஸ்எல்ஆரிலும் அவை தனித்தனி. பேலன்ஸ்டு கேபிளை அடாப்டர் போட்டுச் சாதாரணத் துளையில் செருகலாம், ஆபத்தில்லை. ஆனால் சாதாரண கேபிளை அடாப்டர் போட்டு ஆம்ப்பின் பேலன்ஸ்டு துளையில் ஒருபோதும் செருகாதீர்கள். இரண்டு சேனல்களின் எதிர்முனைகளும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி ஆம்ப் பழுதாகலாம்.

பேலன்ஸ்டில் பெரும்பாலும் இரண்டு மடங்கு வோல்டேஜ் கிடைக்கும். அவுட்புட் இம்பீடன்ஸும் இரண்டு மடங்காகும் என்பதைப் படி 4-இன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: சத்தத்தைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள்

கணக்கில் தேறிய இரண்டு ஆம்ப்களில் எது பிடிக்கிறது என்று இப்போது காதிடம் கேட்கலாம். ஆனால் அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது சத்தம் என்று உணராது. தெளிவு, விரிவு, உயிரோட்டம் என்றே உணரும். அதனால் சமப்படுத்தாமல் செய்யும் ஒப்பீட்டை நான் நம்புவதே இல்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலிக்கோப்பை ஓட்டுங்கள், ஹெட்போனைக் காதிலிருந்து கழற்றிவிட்டு. பிளக்குக்கு இரட்டைப் பிரிப்பான் ஒன்று போட்டு, ஹெட்போன் இணைந்திருக்கும்போதே வோல்டேஜை ஏசி அளவில் பாருங்கள். முதல் ஆம்ப்பில் 0.300 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் அதே 0.300 வரும்வரை குமிழைத் திருப்புங்கள். ஒரு சதவீதத்துக்குள் பொருந்தினால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் குறைவு. ஓடிஎல் போன்ற அதிக இம்பீடன்ஸ் ஆம்ப் ஒன்று ஒப்பீட்டில் இருந்தால் மட்டும் 60 ஹெர்ட்ஸுக்குப் பதில் 500 ஹெர்ட்ஸ் ஒலியை எடுங்கள், மீட்டர் அந்த அதிர்வெண்ணையும் அளக்கும் வகையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தாழ்ந்த ஸ்வரத் தூக்கலையும் சேர்த்தே சமப்படுத்திவிடுவீர்கள்.

அப்புறம் நன்கு பழகிய ஒரே பாடலில், முப்பது நொடிப் பகுதி ஒன்றை மாற்றி மாற்றிக் கேளுங்கள். குரலும் தாளக்கருவியும் மட்டும் உள்ள எளிய பதிவு ஒன்று, வாத்தியங்கள் நெருக்கமாகக் குவியும் பதிவு ஒன்று. முடிந்தால் எந்த ஆம்ப் ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் இன்னொருவர் மாற்றட்டும். அப்போதும் திரும்பத் திரும்ப ஒன்றையே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம்.