பிரெஞ்சுத் தூதர் ஒருவரின் பணி வரலாற்றை ஆவணங்களிலிருந்து தொகுப்பது எப்படி

முதலில் ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போடுங்கள்: நியமன ஆணையின் தேதி, ஊர் போய்ச் சேர்ந்த தேதி, நற்சான்றுப் பத்திரத்தை (தூதர் என்று காட்டும் கடிதத்தை) அந்நாட்டுத் தலைவரிடம் கொடுத்த தேதி, கிளம்பிய தேதி. பெரும்பாலான வாழ்க்கைக் குறிப்புகள் இவற்றைக் கலந்து ஒரே ஆண்டாகப் போட்டுவிடும். கவிஞராகவும் பெயர்பெற்ற போல் குளோதெல் (1868–1955) டோக்கியோவுக்குத் தூதராக நியமிக்கப்பட்டது 1921 ஜனவரியில். வழியில் இந்தோசீனாவில் தங்கி, அங்கோரைப் பார்த்துவிட்டு, ஜப்பானில் போய் இறங்கியது நவம்பரில். இடைப்பட்ட மாதங்களில் டோக்கியோவிலிருந்து போன அறிக்கைகளை அவர் கணக்கில் எழுதக் கூடாது.

விடுப்பும் இப்படித்தான் ஏமாற்றும். 1925-இன் பெரும்பகுதி குளோதெல் பிரான்சில் இருந்தார். தூதர் ஊரில் இல்லாதபோது அவருக்குப் பதிலாகத் தூதரகத்தைக் கவனிக்கும் பொறுப்புத் தூதர்தான் கையெழுத்திடுவார். ஆகவே தேதியை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு கடிதத்தின் கடைசிப் பக்கத்தையும் புரட்டிக் கையெழுத்தைப் பாருங்கள்.

பதவிப் படிகளுக்கு, வெளியுறவு அமைச்சகத்தின் பழைய ஆண்டுக் கையேடுகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் கிடைக்கும். அவற்றைப் படிக்கும்போது கான்சல் வரிசையையும் (வணிகம், வெளிநாட்டில் உள்ள தன் நாட்டவர் ஆகியோரைக் கவனிக்கும் பணி) தூதரக வரிசையையும் (அரசுகளுக்கு இடையிலான பணி) பிரித்துக் குறியுங்கள். குளோதெல் 1890-இல் அமைச்சகத் தேர்வில் தேறி, நியூயார்க், சீனா, பிராக், பிராங்க்பர்ட், ஹாம்பர்க் என்று கான்சல் வரிசையிலேயே வளர்ந்தவர். 1917-இல் ரியோ டி ஜெனிரோவுக்குப் போனபோது ‘மினிஸ்தர் ப்ளெனிபோதான்சியேர்’ ஆனார். இதை ‘மந்திரி’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். தூதருக்கு ஒரு படி கீழான பதவி அது.

அடுத்தது மூல ஆவணம். பழங்காலத் தூதரகக் கடிதம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி உண்டு: அனுப்பிய மூலம், அனுப்பியவரிடம் தங்கிய வரைவு. பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்த மூலம், பாரிஸை ஒட்டிய லா கூர்நெவ் காப்பகத்தில் இருக்கும். அமைச்சகத்தின் பணியாளர் கோப்புகளையும் அங்கேதான் தேட வேண்டும். தூதரகங்களிலும் கான்சல் அலுவலகங்களிலும் தங்கிய வரைவுகள், திருப்பி அனுப்பப்பட்ட பிறகு மேற்குப் பிரான்சிலுள்ள நாந்த் நகரக் காப்பகத்துக்கு வரும். ஒரு பக்கம் இல்லாததை மறுபக்கம் தேட வேண்டும். 1923 செப்டம்பர் 1 பெருநிலநடுக்கத்தில் டோக்கியோவின் பிரெஞ்சுத் தூதரகம் எரிந்துபோனது. அதற்கு முந்தைய காலத்துக்கு லா கூர்நெவிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

புதுச்சேரி ஆளுநர்களைத் தேடுபவர்கள் இந்த இரண்டு இடங்களுக்கும் போய் நாளை வீணாக்க வேண்டாம். அவர்கள் குடியேற்ற நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். அந்த ஆவணங்கள் தெற்கே எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸில் உள்ளன.

தனிப்பட்ட விவரம் உள்ள கோப்பு, அதிலுள்ள கடைசித் தாளின் தேதியிலிருந்து 50 ஆண்டு கழித்தே பொதுவாகத் திறக்கும். மருத்துவத் தாள் இருந்தால், ஆள் இறந்து 25 ஆண்டு ஆக வேண்டும். இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 120 ஆண்டு. 1977-க்கு முன் இறந்தவர் பிரான்சின் உயரிய விருதான லெஜியோன் தொனர் பெற்றவரானால், அவ்விருதாளர்களின் கோப்புகள் உள்ள லியோனோர் இணையத் தரவுத்தளத்தையும் பாருங்கள். பிறப்புச் சான்றோ பணி விவரமோ அதில் சேர்ந்தே கிடைப்பதுண்டு.

பெயரையும் பல வடிவங்களில் தேடுங்கள். 1933 முதல் 1940 வரை அமைச்சகத்தின் தலைமைச் செயலராக இருந்த அலெக்சி லெஜே, கவிதையில் சேன்-ஜான் பேர்ஸ். புனைபெயரை வைத்து அமைச்சகக் கோப்பைத் தேடினால் கை வெறுமையாகத்தான் வரும்.

படிப்பறையில் படம் எடுக்கும்போது, முதல் படம் பெட்டியின் மேலுள்ள குறியீட்டு எண்ணாக இருக்கட்டும். பெட்டி மாறினால் மறுபடியும் எடுங்கள். தாள் எண் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும். அது படத்தில் விழுகிறதா என்று அங்கேயே சரிபாருங்கள்.