படுக்கிற நேரத்தை விடுங்கள், எழுகிற நேரத்தைப் பிடியுங்கள்

என் மகனுக்கு 15 வயது. போன வருடம் வரை இரவு பத்து மணி ஆனால் எங்கள் வீட்டில் சண்டைதான். "போய்ப் படுடா" என்பேன். "தூக்கம் வரலைம்மா" என்பான். சாக்கு சொல்கிறான் என்றே நினைத்தேன். சாக்கு இல்லை. பருவ வயதில், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கும் நேரமே ஒன்றிரண்டு மணி தள்ளிப்போகிறது. விளக்கை அணைத்து அதட்டினால் இருட்டில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பான், அவ்வளவுதான்.

தூக்கத்தை மிரட்டி வரவழைக்க முடியாது. எழுப்புவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. பள்ளி நாளில் ஆறரைக்கு எழுகிறவனை விடுமுறையிலும் ஏழரைக்கு மேல் விடுவதில்லை. முன்பு ஞாயிற்றுக்கிழமை பதினொன்று வரை தூங்குவான். பாவம், களைப்பு என்று நானும் விட்டுவிடுவேன். அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை அவனை எழுப்புவதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிடும்.

எழுந்ததும் ஜன்னல் திரையை விலக்குங்கள், முடிந்தால் பத்து நிமிடம் வெளியே அனுப்புங்கள். உடம்புக் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது காலை வெளிச்சம்தான். அப்புறம் படுக்கும் நேரத்தை 15 நிமிடம், 15 நிமிடமாக முன்னே கொண்டுவாருங்கள். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாரம் முழுக்க அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? 13 முதல் 18 வயதுக்கு 8–10 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9–12, அதற்கும் சின்னப் பிள்ளைகளுக்கு (3–5 வயது) பகல் தூக்கத்தையும் சேர்த்து 10–13. எழும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

போன் ராத்திரி கூடத்தில்தான் சார்ஜ் ஆக வேண்டும். இதைச் சொன்ன அன்றே "உன்னோடது எங்கேம்மா?" என்று கேட்டான். சரி, இப்போது என்னுடையதும் அங்கேதான். காபி, கோலா எதுவும் மதியத்துக்கு மேல் வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும், அவற்றில் உள்ள தூக்கத்தை விரட்டும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

ஏழு வயது மகள் கதை வேறு. தூக்கம் வந்தால் அவள் சோர்ந்து உட்கார மாட்டாள், சோபாவில் ஏறிக் குதிப்பாள். இன்னும் தெம்பு இருக்கிறது போல என்று நாங்கள் விளையாட விட்டோம். தப்பு. இப்போது குதிக்க ஆரம்பித்தாலே பல் தேய்க்கக் கூட்டிப் போய்விடுவேன். பிறகு ஒரு கதை, விளக்கு அணைப்பு. வரிசை மட்டும் மாறாது. ஒரே முயல் கதையைத்தான் இரண்டு மாதமாகக் கேட்கிறாள். எனக்குத்தான் சலித்துவிட்டது.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே சரிசெய்யப் பார்க்காதீர்கள். பிள்ளை பெரும்பாலான இரவுகளில் சத்தமாகக் குறட்டை விட்டாலோ, நடுவில் மூச்சு நின்று திணறினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தொண்டையில் இருக்கும் டான்சில் அல்லது மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி மூச்சுப் பாதையை அடைத்துக்கொண்டிருக்கலாம்.