ஃபிளைவீலுக்குப் பித்தளை: எடுப்பதும் கடைவதும்

என் சின்ன நீராவி இன்ஜினுக்கு முதலில் அலுமினியத்தில்தான் ஃபிளைவீல் (ஓட்டம் நிற்காமல் இழுத்துச் செல்லும் கனமான சக்கரம்) கடைந்தேன். 60 மி.மீ. விட்டம், 15 மி.மீ. கனம், வெறும் 115 கிராம். பிஸ்டன் முனைக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். அதே அளவைப் பித்தளையில் கடைந்தேன், 360 கிராம். நிற்காமல் ஓடியது.

ஒரு கன செ.மீ. வார்ப்பிரும்பு 7.2 கிராம், மைல்டு ஸ்டீல் 7.85, பித்தளை சுமார் 8.5, செம்பு 8.96, டங்ஸ்டன் 19.3. டங்ஸ்டன் விலை கட்டாது. செம்பு, கடையும் டூலில் (வெட்டும் உளி) ஒட்டி இழுக்கும். கோவையில் பவுண்டரிக்கு (வார்ப்புப் பட்டறை) பஞ்சமில்லை, வார்ப்பிரும்பும் நல்லதுதான். ஆனால் முதல் வெட்டே மணல் ஒட்டிய மேல்தோலுக்கு அடியில் போக வேண்டும், இல்லையென்றால் டூல் முனை போய்விடும். புதியவர்களுக்குப் பித்தளைதான்.

உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் மஞ்சளாக இருப்பதெல்லாம் பித்தளை இல்லை. வீட்டுத் தராசில் துண்டை எடை போடுங்கள். அப்புறம் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, துண்டை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்குங்கள். இப்போது காட்டும் கிராம்தான் அதன் கன அளவு. என் துண்டு 508 கிராம், தண்ணீரில் 60. வகுத்தால் 8.47, சரி. 7.6 போல வந்தால் அலுமினிய வெண்கலமாக இருக்கலாம். கடைவது கஷ்டம், விட்டுவிடுங்கள்.

நடுவில் அச்சுக்குத் துளை போடும்போதுதான் நான் மாட்டிக்கொண்டேன். டிரில் தானாகவே உள்ளே திருகிப் பாய்ந்து, துண்டைச் சக்கிலிருந்து (லேத்தில் துண்டைப் பிடிக்கும் பிடி) பிடுங்கிவிட்டது. பக்கத்துப் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "பித்தளைக்கு வெட்டுற ஓரத்தை மழுக்கிப்போட்டு ஓட்டோணும் தம்பி" என்றார். டிரில்லின் இரண்டு வெட்டு ஓரங்களின் முன்பக்கத்தையும் எண்ணெய்க்கல்லில், டிரில்லின் நீளவாக்கில் நேராகத் தேயுங்கள். நூல் அகலத்துக்கு ஒரு தட்டைப் பட்டை பளபளவென்று தெரிந்தால் போதும். 5.8 மி.மீ. டிரில், பிறகு துளையைச் சரியான அளவுக்குச் சீராக்க 6 மி.மீ. ரீமர். இந்த டிரில்லைப் பித்தளைக்கென்றே தனியாக வைத்துவிடுங்கள்.

கடைய, மேல்முகம் தட்டையான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல். சின்ன லேத்தில் (கடைசல் இயந்திரம்) கார்பைடு டூலைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். நாமே சாணை பிடித்துக்கொள்ளலாம். விளிம்பில் 10 மி.மீ. அகலத்துக்கு முழுக் கனத்தையும் அப்படியே விட்டு, நடுவை இருபுறமும் குடையுங்கள். விளிம்பில் இருக்கும் எடைதான் சுழற்சியைத் தாங்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த திருப்பூர் நண்பர், விளிம்பில் ஈயம் உருக்கி ஊற்றலாமா என்று கேட்டார். வேண்டாங்க. அந்தப் புகையும் தூசும் நஞ்சு. கனத்தை மாற்றாமல் விட்டத்தை 60லிருந்து 66 ஆக்குங்கள். தட்டையான சக்கரத்தில் சுழற்சி நிலைமம் (சுழல்வதைத் தொடர வைக்கும் தன்மை) 46 சதவீதம் கூடும்.