சூடான இன்ஜின் ஸ்டார்ட் ஆக இழுக்கிறதா? முதலில் காது கொடுங்கள்

காலையில் ஒரே சாவியில் பிடித்துக்கொள்ளும் பெட்ரோல் கார், இரண்டு மணி நேரம் ஓட்டி, டீக்கு நிறுத்திவிட்டு வந்தால் இழுவையாக இழுக்கும். உடனே பேட்டரியை மாற்றிவிடாதீர்கள். நான் அப்படித்தான் புதிது வாங்கிப் போட்டேன். கோளாறு இருந்ததோ, பேட்டரியின் நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரில்.

சோதனையைச் சூட்டோடு செய்ய வேண்டும். ஆறிய வண்டியில் எதுவும் தெரியாது. அரை மணி நேரம் ஓட்டி, அணைத்து, 15 நிமிடம் விடுங்கள். அணைத்ததும், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் ஓட்டம் நின்றுவிடுவதால் பானெட்டுக்குள் சூடு இன்னும் ஏறும். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, வெந்நீர் பீய்ச்சியடிக்கும்.

இப்போது சாவியைத் திருப்பிக் கேளுங்கள். செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) திணறித் திணறிச் சுற்றினால் கோளாறு மின்சாரப் பக்கம். வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் அல்லது சென்சார்.

திணறினால் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். வண்டி நிற்கும்போது பேட்டரி 12.4 முதல் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக் கடையில் லோடு டெஸ்ட், அதாவது சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை, செய்யுங்கள். பேட்டரி தேறிவிட்டால் சந்தேகம் செல்ஃப் மோட்டார் மீது. சூட்டில் அதன் செம்புச் சுருளின் மின்தடை கூடும். மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் மோட்டார் இறுகவும் செய்யும்.

அதற்கும் முன் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை இன்ஜின் பிளாக்கின் வெறும் உலோகத்தில். செல்ஃப் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு சரியில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு, எர்த் வயரின் இரு முனைகளையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள். என் வண்டிக்கு இதுவே போதுமாக இருந்தது.

சரி, வேகமாகச் சுற்றியும் பிடிக்காத வண்டி? சாவியை ஆன் வரை திருப்பி இரண்டு நொடி வைத்திருந்து, திரும்ப ஆஃப் செய்யுங்கள். இதையே மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பிடித்தால், நிற்கும்போது பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால்தான் பிடிக்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது என்றால், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிகிறது. அல்லது கூலன்ட் சென்சார், சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று தவறாகச் சொல்கிறது. ஸ்கேனரில் அதன் வெப்ப அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் அசையவே இல்லையென்றால், இன்ஜின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சாரையும் சோதிக்கச் சொல்லுங்கள். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் சென்சார் அது.

ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அப்புறம் ஒரு நிமிடமாவது அதை ஆற விடுங்கள்.