அம்மாவின் மூச்சும் கரியடுப்பும்

அம்மா வாழ்நாளில் சுருட்டைத் தொட்டதில்லை. ஆனால் ரங்கூனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், கரியடுப்பு முன்னால் உட்கார்ந்து 40 வருஷம் வடை சுட்டு விற்றவர். “நான் என்ன புகையா பிடிச்சேன்?” என்று டாக்டரிடமே கேட்டார். அம்மாவுக்கு வந்திருப்பது நுரையீரல் அடைப்பு நோய் (COPD). அதற்கு அடுப்புப் புகையே போதும்.

மாடிப்படியில் பாதியில் நிற்பது, காலையில் சளி, மாதக்கணக்கில் இருமல், எல்லாவற்றையும் வயசுக்கோளாறு என்று விட்டுவிட்டோம். நீங்கள் விடாதீர்கள். சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாமல், மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமீட்டரில் ஊதிப் பார்க்கக் கேளுங்கள். நுரையீரல் அடைப்பு நோயை உறுதிசெய்வது அதுதான்.

கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது, மேலும் கெடுவதைத்தான் குறைக்க முடியும். அதனால் முதலில் புகை போக வேண்டும். கரண்ட் இருக்கும்போதே ரைஸ் குக்கரில் சோறு வடித்துவிடுகிறேன். கரண்ட் போனால் கரியடுப்பு வாசலுக்குப் போகும், அம்மா உள்ளே இருப்பார். அப்பாவும் சுருட்டை விட்டுவிட்டார்.

அடுத்தது இன்ஹேலர். ஒரு மாதம் அம்மா அதை வாயில் ‘புஸ்’ஸென்று அடித்து, உடனே மூச்சை விட்டுக்கொண்டிருந்தார். மருந்தெல்லாம் நாக்கோடு சரி. பம்ப் வகையை நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விட்டு, உதட்டை இறுக்கி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே ஒரு அழுத்து. ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்குங்கள். இரண்டாவது அழுத்துக்கு அரை நிமிஷம் பொறுக்க வேண்டும். கையும் மூச்சும் சேராத அம்மாவுக்கு ஸ்பேசர்தான், அதாவது இன்ஹேலரோடு மாட்டும் குழாய்தான், கைகொடுத்தது. அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் உலரவிடுங்கள். துணியால் தேய்த்தால் மருந்து உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டீராய்டு மருந்து என்றால் வாய் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். பவுடர் வகைக்கு முறை வேறு: வேகமாக இழுக்க வேண்டும்.

இரைக்கும்போது அம்மா முன்னால் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக விடுவார். தினமும் கொஞ்சம் நடக்கவும் வைக்கிறேன். வருஷாவருஷம் ஃப்ளூ ஊசி, அப்புறம் நிமோனியா ஊசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள்.

சளி கூடினாலோ பச்சையாக மாறினாலோ, இரைப்பு அதிகமானாலோ அன்றே டாக்டரைப் பாருங்கள். உதடு நீலமானால், பேச்சு குழறினால், தூங்கி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் இருந்தாலும் நாமாகக் கூட்டக் கூடாது. இந்த நோய் உள்ளவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88 முதல் 92 சதவீதம்தான் இலக்கு. அதிகம் கொடுத்தால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வந்துவிடும்.