ஓமனில் கார் வாங்கப் போகிற தங்கச்சிகளுக்கு

பாலக்கோட்டில் எங்கள் தெருவிலிருந்து மட்டும் இந்த வருஷம் இரண்டு பெண்கள் நர்ஸ் வேலைக்கு ஓமன் போகிறார்கள். விசா, சம்பளம், தங்குமிடம் எல்லாம் விசாரித்து முடித்த பிறகு இரண்டு பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அக்கா, அங்க கார் இல்லாம முடியாதாமே, எந்தக் கம்பெனி வண்டி வாங்கறது?"

நிஸ்வாவில் 11 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். மஸ்கட்டிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊர். கோடையில் 45 டிகிரியைத் தொடும். நைட் டியூட்டி முடிந்து வெளியே வந்து பஸ்ஸை நம்பி நிற்க முடியாது. அங்கே இரண்டு கார் வைத்திருந்தேன். முதல் காரில் நிறையப் பட்டேன். பட்டதை எல்லாம் மனதில் வைத்து இரண்டாவது காரைப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். அந்தப் பெண்களுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் அப்பா லாரி டிரைவர். பாலக்கோட்டுத் தக்காளி, கிருஷ்ணகிரி கிரானைட் என்று முப்பது வருஷம் ஓட்டியவர். ஓட்டியது பெரும்பாலும் லேலண்டு. ஏன் அதையே ஓட்டுகிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "ஓசூர்ல ஃபேக்டரி இருக்குது பாப்பா. ராத்திரி ரெண்டு மணிக்குக் கிருஷ்ணகிரி பைபாஸ்ல நின்னுட்டாக்கூட சாமானும் கெடைக்கும், கை வைக்கத் தெரிஞ்ச ஆளும் கெடைப்பான்" என்பார். முதல் கார் வாங்கும்போது இந்தப் பேச்சு எனக்கு ஞாபகம் வரவே இல்லை.

நான் வாங்கியது ஐந்து வருஷம் ஓடிய ஐரோப்பிய கார். லெதர் சீட், கதவைச் சாத்தினால் கனமான சத்தம். அதே வயது ஜப்பான் வண்டியைவிட 700 ரியால் குறைவு. ஏன் குறைவு என்பது ஜூலை மாதம் ஏசி கம்ப்ரஸர் போனபோது தெரிந்தது. அந்தக் கம்பெனிக்கு நிஸ்வாவில் சர்வீஸ் சென்டர் கிடையாது. மஸ்கட்டுக்கு ரிக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பினேன். பார்ட் ஸ்டாக் இல்லை, வெளிநாட்டிலிருந்து வரணும் என்றார்கள். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் டியூட்டிக்கு டாக்ஸியில் போனேன்.

அதனால் என் முதல் யோசனை: ஷோரூமுக்குப் போகும் முன் சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போங்கள். உங்களுக்கு எந்த ஊரில் போஸ்டிங்கோ, அந்த ஊரிலேயே இருக்கிற சென்டருக்கு. நீங்கள் பார்த்து வைத்திருக்கிற மாடலின் பெயரையும் வருஷத்தையும் சொல்லி, ஏசி கம்ப்ரஸர், ரேடியேட்டர், முன்பக்க ஹெட்லைட் மூன்றுக்கும் விலை என்ன, ஸ்டாக் இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள் என்று கேளுங்கள். முதல் இரண்டும் அந்த வெயிலில் அடி வாங்குகிற சாமான்கள். ஹெட்லைட் சின்ன இடிப்பிலேயே உடைகிறது. மூன்றுக்கும் உடனே பதில் வந்தால் அந்தக் கம்பெனியைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கலாம். கவுண்டர் ஆள் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தால் எவ்வளவு அழகான வண்டியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, உங்கள் ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் என்ன நிற்கிறது, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஓடுகிற டாக்ஸிகள் எந்த மாடல் என்று ஒரு வாரம் கவனியுங்கள். டாக்ஸிக்காரர்கள் நஷ்டத்துக்கு வண்டி ஓட்டுவதில்லை. ஊரில் பழகிய பெயர் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். தர்மபுரியில் மாருதிக்குத் தெருவுக்கு ஒரு மெக்கானிக் இருக்கிறார். அதே நம்பிக்கையை அங்கே போய் சுஸுகி மேல் அப்படியே வைக்க முடியாது, விசாரிக்கத்தான் வேண்டும். நான் இரண்டாவதாக வாங்கியது டொயோட்டா. விற்கும்போது விலை நிற்கும் என்பதும் ஒரு காரணம்.

ஃபோர்வீல் டிரைவ் வாங்கச் சொல்லிப் பலர் ஆசை காட்டுவார்கள். ஜெபல் அக்தர் மலைக்கு பிர்கத் அல் மௌஸ் செக்போஸ்டைத் தாண்ட அது இருந்தால்தான் போலீஸ் விடும் என்பது உண்மை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிற மலைக்காக அத்தனை பணம் போட வேண்டாம், யாராவது அழைத்துப் போவார்கள். என்றைக்காவது நீங்களே அந்த மலையை ஓட்டி இறங்க நேர்ந்தால் தொப்பூர் கணவாயை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன கியரில் இறங்க வேண்டும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது, நியூட்ரல் போடவே கூடாது.

பழைய வண்டி என்றால் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். வளைகுடாவுக்கென்று செய்த வண்டியை அங்கே 'ஜிசிசி' என்பார்கள். அந்தச் சூட்டுக்கும் தூசுக்கும் ஏற்ற கூலிங், ஏசியோடு வருவது. அமெரிக்காவில் விபத்தில் அடிபட்டு, ஏலத்தில் எடுத்து, தட்டி நிமிர்த்தி வருகிற வண்டிகளும் சந்தையில் உண்டு. முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தெரியும் 17 இலக்க சேஸிஸ் நம்பரைப் பாருங்கள். ஜப்பானில் செய்தது ஜே-யில் தொடங்கும், கொரியா என்றால் கே. 1, 4, 5 என்று தொடங்கினால் அமெரிக்காவில் செய்தது. ஒரே கேம்ரிதான், ஜப்பான் ஆலையிலிருந்து வந்தது ஜே, அமெரிக்காவின் கென்டக்கி ஆலையிலிருந்து வந்தது 4. ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்ற வண்டியும் ஜே-யில்தான் தொடங்கும் என்பதால் அதோடு நிறுத்தாதீர்கள். ஸ்பீடோமீட்டரில் மைல் பெரிதாக இருக்கிறதா, முன்பக்க ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு இருக்கிறதா என்றும் பாருங்கள், இரண்டும் அமெரிக்க வண்டியின் அடையாளம்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். 2021 அக்டோபரில் ஷாஹீன் புயல் பாத்தினா கரையோரத்தைப் புரட்டிப் போட்ட பிறகு எனக்கு ஒரு மலையாளி டெக்னீஷியன் காட்டியது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கார் முழுக்கக் கழுவிச் சென்ட் அடித்திருப்பார்கள், ஆனால் பெல்ட் சுருண்டிருக்கும் அடிப்பகுதியைக் கழுவ மறந்திருப்பார்கள். அங்கே வண்டல் கறை கோடாக நிற்கும்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் படியுங்கள். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் தேயாமல் புதிது போல இருந்தாலும் வயதான டயர் அந்த ரோட்டுச் சூட்டில் 120-இல் போகும்போது வெடிக்கும். எமர்ஜென்சி வார்டில் அப்படி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சேஸிஸ் நம்பரை அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்து ரீகால் (தயாரிப்புக் குறைக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிட்டுச் சரிசெய்வது) பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தகாட்டா ஏர்பேக் விஷயம் உலகம் முழுக்கப் பல கம்பெனி வண்டிகளைத் தொட்டது. சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற வெடிமருந்து கெட்டு, ஏர்பேக் விரியும்போது இரும்புத் துண்டு முகத்தில் பாயும். மஸ்கட் கடற்கரைக் காற்றில் சூடும் ஈரமும் இரண்டுமே உண்டு. ரீகால் வேலைக்குக் காசு கிடையாது, நீங்கள் இரண்டாவது ஓனராக இருந்தாலும் சரி.

இனி சர்வீஸுக்கு விடுவது. இதில்தான் நம் பெண்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் மேனுவலில் உங்கள் வண்டியின் சர்வீஸ் அட்டவணையைத் தேடி அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பல மேனுவலில் இரண்டு அட்டவணை இருக்கும். ஒன்று சாதாரண ஓட்டத்துக்கு, இன்னொன்று கடும் சூடு, தூசு, நின்றுகொண்டே இன்ஜின் ஓடுவது போன்ற நிலைமைக்கு. ஓமனுக்கு இரண்டாவதுதான். ஆக்டேன் 91 பெட்ரோல் போதும் என்று மேனுவல் சொன்னால் 95 போடத் தேவையில்லை. பேட்டரி இரண்டு வருஷம் தாண்டினால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கவுண்டரில் சர்வீஸ் அட்வைசர் அன்பாகத்தான் பேசுவார். என்னிடம் "சிஸ்டரே, இன்ஜின் ஃப்ளஷ் பண்ணிரலாம், இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமி நீக்கம், எல்லாம் சேர்த்து ஆஃபர்" என்று 38 ரியாலுக்கு ஒரு தடவை பட்டியல் போட்டார் ஒருவர். நான் போனில் இருந்த பக்கத்தைக் காட்டி, "இதில் எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள், செய்கிறேன்" என்றேன். சண்டை போடவில்லை. அவரும் கோபப்படவில்லை, மூன்றையும் அடித்துவிட்டார். பிரேக் ஆயில், கூலண்ட் போல அட்டவணையில் இருப்பதை மட்டும் ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். ஏசி ஃபில்டரைப் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி நீங்களே மாற்றலாம், ஐந்து நிமிஷ வேலை.

எஸ்டிமேட்டில் பார்ட் விலை தனி, லேபர் தனி என்று எழுதி வாங்குங்கள். என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்யக்கூடாது என்று ஜாப் கார்டில் (உங்கள் புகாரையும் செய்த வேலையையும் எழுதுகிற சீட்டு) எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் காரின் டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள், இது விடும்போதே சொல்ல வேண்டிய விஷயம். சாயங்காலம் போய்க் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வண்டியின் நோயை நீங்கள் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். "கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்று நீங்கள் சொன்னால் கியர்பாக்ஸைத்தான் பார்ப்பார்கள். வார்டில் சார்ட் எழுதுகிற மாதிரி எழுதிக் கொடுங்கள்: எப்போது, எந்த வேகத்தில், ஏசி போட்டா போடாமலா, எத்தனை நாளாக.

என் டொயோட்டாவை வாங்கி மூன்றாவது வருஷம் சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம் வந்தது. மூன்று தடவை காட்டினேன். மூன்று தடவையும் ஜாப் கார்டில் "சோதித்தோம், நார்மல்" என்று எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஒரு வாரம் டியூட்டி நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்தேன். காலையில் எடுத்தவுடன் இல்லை. இருபது நிமிஷம் ஓடிய பிறகு, ஏசி போட்டு, ஆட்டோமேட்டிக் கியரை டி-யில் வைத்துப் பிரேக்கை மிதித்து நின்றால் மட்டும் வருகிறது. அந்தக் காகிதத்தோடு மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். அட்வைசரை விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் என் பக்கத்தில் உட்கார்ந்து வரணும் என்று கேட்டேன். வந்தார். இருபது நிமிஷம் சுற்றிவிட்டு நிறுத்தினேன். நடுவில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலில் தண்ணீர் சின்னச் சின்ன வளையமாக நடுங்கியது. நியூட்ரலுக்கு மாற்றினேன், தண்ணீர் அடங்கியது. திரும்ப டி, திரும்ப வளையம். அவர் ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய் டார்ச் எடுத்து வந்தார். இன்ஜினைத் தாங்குகிற மவுண்டில் ரப்பர் குறுக்காகக் கிழிந்து, என் சுண்டு விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

அன்றைக்கு வாரண்டி முடிந்து 11 நாள் ஆகியிருந்தது. கவுண்டரில் பில் போட ஆரம்பித்தார்கள். நான் பழைய மூன்று ஜாப் கார்டையும் எடுத்து வைத்தேன். மூன்றும் வாரண்டிக்குள் இருந்த தேதிகள், மூன்றிலும் இதே புகார். மேனேஜர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்றார். 'நார்மல்' என்று எழுதித் தந்த அந்தக் காகிதங்களை நான் கசக்கிப் போட்டிருந்தால் என் கைக்காசு போயிருக்கும். அதனால் கண்டுபிடிக்க முடியாத சின்னக் கோளாறாக இருந்தாலும் வாரண்டிக்குள் ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டில் ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னது, போனில் சொன்னது கணக்கில் வராது.

மேனேஜரும் கை விரித்தால் ஓமனில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. 2014-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் எடுத்துக்கொள்வார்கள். ரெசிடென்ட் கார்டு, முல்கியா (வண்டியின் பதிவு அட்டை), பில், ஜாப் கார்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். நிதானமாகப் பேசுங்கள், வெளிநாட்டுக்காரி என்று பயப்படாதீர்கள்.

வாரண்டி முடிந்த பிறகு ஆயில், பிரேக் ஷூ போன்ற வேலைக்கு சனையாவில் (ஒர்க்‌ஷாப்கள் இருக்கிற தொழிற்பேட்டை) நல்ல மெக்கானிக் கிடைப்பார், லேபர் பாதிகூட ஆகாது. சாமான் வாங்கும்போது மட்டும் கவனம், போலி நிறைய வருகிறது. டென்ஸோ, ஐசின் போல டொயோட்டாவுக்கே சாமான் செய்து தருகிற கம்பெனிகள் தங்கள் சொந்தப் பெட்டியிலும் விற்கின்றன, விலை குறைவு. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள்.

ஊர் திரும்ப முடிவு செய்தால் டிக்கெட் போடுவதற்கு முன்பே காரை விற்க ஆரம்பியுங்கள். லோன் பாக்கி இருந்தால் அடைத்து, முல்கியாவை வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். நண்பரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் அபராதம் எல்லாம் உங்கள் பெயரில் ஏறும். எங்களோடு இருந்த ஒரு பெண் மறுபடி விசா எடுக்கும்போதுதான் அதைக் கண்டுபிடித்தாள். என் காரைப் பார்க்க வந்தவர் திருச்சூர்க்காரர், லேப் டெக்னீஷியன். பானெட்டைத் திறக்கவே இல்லை. எல்லா பில்லும் ஜாப் கார்டும் தேதி வாரியாக வைத்திருந்த ஃபைலை வாங்கி, டீ ஆறுகிற வரை உட்கார்ந்து படித்தார். நான் சொன்ன விலையில் 50 ரியால் மட்டும் குறைத்தார்.