மலையில் அடுத்த படிப்பகம்: ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகும் வழி

பள்ளி முடிந்த பிள்ளைகள் கூடிப் படிக்கும் மாலைப் படிப்பகம் ஓர் ஊரில் நன்றாக நடக்கத் தொடங்கினால், பக்கத்து லைன்களிலிருந்தும் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள்) "எங்களுக்கும் ஒன்று வேண்டும்" என்று கேட்டு வருவார்கள். அவசரப்படக் கூடாத நேரம் அதுதான். நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழை செப்டம்பர் வரை விடாது. கோடை விடுமுறையில் ஒரே மூச்சில் ஐந்து இடம் திறந்தால் ஜூலையில் கதவு திறக்க ஆள் இருக்காது. ஒரு மழைக்காலத்தைத் தாண்டிய படிப்பகத்தை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்ததற்கான ஆளும் பெட்டியும் அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் அக்டோபர், நவம்பர் மழையையும் பார்த்துவிடுங்கள்.

புதிய இடத்தின் தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காதீர்கள். பழைய படிப்பகத்திலிருந்து பெரியவர் ஒருவர் நடந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டும்; நடுவில் காடோ, மழையில் பெருகும் ஓடையோ இருக்கக் கூடாது. பஸ்ஸை நம்பிப் போகும் இடம் என்றால், மண் சரிந்து ரோடு அடைபட்ட அன்றே தொடர்பு அறுந்துவிடும்.

ஆட்கள்

எல்லாவற்றிலும் கடினமானது இது. ஒரு படிப்பகத்துக்கு ஒருவர் என்று வைத்தால், அவர் கல்யாணமாகியோ திருப்பூர், கோவைக்கு வேலைக்கோ போன மாதமே அது மூடிவிடும். தொடக்கத்திலேயே இருவர் வேண்டும், சாவியும் இரண்டு வேண்டும். அந்த இருவரும் அந்த ஊர்க்காரர்களாக இருக்கட்டும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் வீட்டில் பேசும் மொழி வேறு, பாடப்புத்தகத் தமிழ் வேறு. முதல் வகுப்புப் பிள்ளை தயங்கி நிற்கும்போது அதன் வீட்டு மொழியில் ஒரு வார்த்தை சொல்ல ஆள் வேண்டும்.

பயிற்சியை ஹாலில் நடத்தாதீர்கள். புதியவர்கள் இருவரும் ஓடிக்கொண்டிருக்கும் படிப்பகத்துக்கு வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் வரட்டும். முதல் மூன்று வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பது. அடுத்த மூன்று வாரம் ஏழெட்டுப் பிள்ளைகள் உள்ள ஒரு குழுவை எடுப்பது. கடைசி இரண்டு வாரம் முழு நேரத்தையும் அவர்களே நடத்துவது. பழையவர் வாசலில் இருக்கட்டும், உள்ளே வர வேண்டாம். இரண்டு நாள் முகாமில் பாட்டும் விளையாட்டும் கற்றுக்கொள்ளலாம். ஒரே அறையில் ஆறு வயதையும் பதின்மூன்று வயதையும் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டும் பழக்கம் அங்கே வராது.

இடம்

கட்டடம் கட்டாதீர்கள். கூடலூர் பக்கம் பட்டாச் சிக்கல் உள்ள நிலமே அதிகம். போட்ட பணம் முடங்கிவிடும். தனி வீட்டுத் திண்ணையும் வேண்டாம். அந்த வீட்டோடு மனத்தாங்கல் உள்ளவர்கள் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். சமுதாயக் கூடம் நல்லது. கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். தேவர்சோலை, ஓவேலி, நடுவட்டம் எல்லாம் பேரூராட்சிகள். அங்கே கிராம சபை கிடையாது, செயல் அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். எஸ்டேட் ஹாலுக்கு மேனேஜரின் எழுத்துமூல அனுமதி தேவை. வாய்ச்சொல் அனுமதி அவர் மாற்றலாகிப் போகும் வரைதான்.

இருபது பிள்ளைகளுக்கு 200 சதுர அடி போதும். சிமெண்ட் தரையின் குளிர் கோரைப்பாய் வழியாக ஏறிவிடும். கீழே தார்ப்பாய், மேலே ஃபோம் விரிப்பு என்று இரண்டடுக்காகப் போடுங்கள்.

புத்தகப் பெட்டி

இழுத்து மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் 60 முதல் 80 புத்தகம். அலமாரி வேண்டாம், சுவரோடு ஒட்டிய அலமாரியில் இரண்டு மழை வாரத்தில் அட்டையில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். பெட்டியைச் செங்கல் மேல் வையுங்கள். உள்ளே மெல்லிய துணியில் கட்டிய அடுப்புக்கரி ஒரு முடிச்சு, வாரம் ஒரு முறை காயவைத்துத் திரும்ப வையுங்கள். ஈரக் கையோடு வந்த பிள்ளைக்குத் துடைக்க ஒரு துண்டு பெட்டிக்குப் பக்கத்திலேயே தொங்கட்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை படிப்பகங்களுக்குள் பெட்டி மாறட்டும். ஐந்து படிப்பகம் இருந்தால், வாங்கிய ஒரு பெட்டிக்கு ஐந்து பெட்டி படிக்கக் கிடைக்கும்.

நேரம்

யானை நடமாடும் ஊர்களில் ஐந்தரைக்குள் பிள்ளை வீடு சேர்ந்திருக்க வேண்டும். பள்ளி பஸ் ஐந்து மணிக்குத்தான் வருகிறது என்றால் வார நாள் வகுப்பை விட்டுவிட்டு சனி, ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். இதில் சமரசமே வேண்டாம். யானை வந்திருக்கிறது என்ற தகவல் பெரும்பாலும் காலையிலேயே தெரிந்துவிடும். அன்று வகுப்பு இல்லை என்று யார் யாருக்குப் போன் செய்வது என்பதை எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

வருகைப் பதிவைப் பெண் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாருங்கள். பச்சைத் தேயிலை வரத்து கூடும் மாதங்களில் அம்மா கூடுதல் நேரம் தோட்டத்தில் நிற்பார். பத்து வயதுப் பெண் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடும். "தம்பியையும் கூட்டிட்டு வா" என்று சொல்லி ஒரு மூலையில் தனி விரிப்பும் நாலு மரக்கட்டையும் போடுங்கள். வராமல் நின்ற பிள்ளைகளில் பலர் திரும்ப வருவார்கள்.

பணம் குறைவாக இருந்தாலும் வீட்டுக்கு மாதம் 20 ரூபாயாவது ஊரிலிருந்தே வரட்டும். வரவு செலவை மகளிர் குழுவைச் சேர்ந்த இருவர் கையெழுத்திட்டு மாதக் கடைசியில் சுவரில் ஒட்ட வேண்டும்.

மாதம் ஒரு ஞாயிறு எல்லாப் படிப்பகத்தாரும் முறை வைத்து ஒவ்வோர் ஊரிலும் கூடுங்கள். ஓர் இடத்தில் நான்கு வாரம் தொடர்ந்து ஆறு பிள்ளைகளுக்குக் கீழ் வந்தால் மூன்று வீட்டுக்குப் போய்க் காரணம் கேளுங்கள். நேரமோ இடமோ காரணமென்றால் மாற்றிப் பாருங்கள். ஊருக்கே விருப்பமில்லை என்றால் கணக்கை முடித்து, பெட்டியையும் விரிப்பையும் காத்திருக்கும் அடுத்த ஊருக்குக் கொடுத்துவிடுங்கள்.